ராலியா, மிலானா, பெஜோவா: பழைய எஃகுப் பந்தயச் சட்டகம் வாங்குவோர்க்கு ஓர் ஒப்பீடு

ஒரே ஒரு பழைய பந்தயச் சைக்கிள் சட்டகம் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்துவிட்ட ஒருவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வகைகள் வந்து நிற்கின்றன. முதலாவது, டிஐ-ராலி அணியின் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் நிறங்களில் 1970களிலும் 80களிலும் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. இரண்டாவது, கொல்னாகோ, மாசி, சினெல்லி என்று மிலான் நகரையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்த பட்டறைகளின் பெயர் தாங்கியது. மூன்றாவது, பிரான்சின் பெஜோ தொழிற்சாலை பல ஆண்டுகள் தொடர்ந்து செய்து விற்ற பிஎக்ஸ்-10. மூன்றுமே மெல்லிய எஃகுக் குழல்களை லக் எனப்படும் இணைப்புக் கூடுகளில் செருகிப் பற்றாசு வைத்து இணைத்தவை; மூன்றுமே அவற்றின் காலத்தில் உண்மையான பந்தயங்களில் ஓடியவை. ஆனால், சொல்லப்படும் பொருள்தானா இது என்ற கேள்விக்கு மூன்றும் ஒரே அளவு தெளிவாகப் பதில் தருவதில்லை. விலையின் பெரும்பகுதியை அந்தப் பதிலுக்காகத்தான் கொடுக்கிறோம் என்பதால், அழகையும் எடையையும் ஒப்பிடும் முன் அதைத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

'அசல்' என்ற சொல்லைச் சந்தையில் எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. சட்டகத்தைக் கட்டியது அந்தப் பட்டறைதான் என்பது ஒன்று. சொல்லப்படும் மாதிரியும் ஆண்டும் சரியானவை என்பது வேறொன்று. மேலே இருக்கும் பூச்சும் எழுத்துகளும் பட்டறையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவையே என்பது இன்னொன்று. இன்ன வீரர் ஓட்டியது என்பது இவை எல்லாவற்றையும்விட நிறுவக் கடினமானது. முதல் இரண்டும் உண்மையாக இருந்து மூன்றாவது மட்டும் பொய்யாக இருக்கும் சட்டகங்கள் ஏராளம். அவற்றைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். அசல் பூச்சுக்கு உரிய விலையை அவற்றுக்குக் கொடுப்பதும் அதே அளவு தவறு.

ராலியில் தொடங்குகிறேன், ஏனென்றால் சரிபார்ப்பவரின் கைக்குப் பிடி கொடுக்கும் செய்திகள் இதில் அதிகம். ராலியின் தலைமைத் தொழிற்சாலை நாட்டிங்காமில் இருந்தது. ஆனால் அணி வீரர்களின் சட்டகங்களுக்கென்று 1974இல் டெர்பிஷயரின் இல்கெஸ்டன் என்ற ஊரில் ஜெரால்ட் ஓ'டொனவன் பொறுப்பில் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டு, 1980களின் பிற்பகுதி வரை அங்கேயே இயங்கியது. பீட்டர் போஸ்ட் நடத்திய டிஐ-ராலி அணிக்குச் சட்டகங்கள் இங்கிருந்துதான் போயின. 1980ஆம் ஆண்டின் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை யோப் சூட்டமெல்க் வென்றது இந்த அணியின் சட்டையில்தான். அந்தச் சட்டையில் இருந்த 'டிஐ' என்பது ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தைக் குறிக்கும். ராலியும் குழல்கள் செய்த ரெனால்ட்ஸும் அப்போது அதன் குடைக்குள் இருந்தன. 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். நம் வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நின்ற ஹெர்குலிஸுக்கும் பிஎஸ்ஏவுக்கும் பந்தயச் சாலைகளில் ஓடிய அந்தச் சிவப்புச் சட்டகத்துக்கும் இடையே இப்படி ஓர் உறவு உண்டு.

இல்கெஸ்டன் சட்டகத்தின் எண் 'எஸ்பி' (SB) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அணி வென்றுகொண்டிருந்த காலத்தில் அதே நிறங்களைப் பூசிய சட்டகங்களை ராலி பொதுமக்களுக்கும் விற்றது. அவற்றுள் மேலானவை, கார்ல்டன் என்ற நிறுவனத்தை 1960இல் வாங்கியதன் வழியாக ராலிக்குக் கிடைத்த வொர்க்சொப் பட்டறையில் ரெனால்ட்ஸ் 531 குழல்களால் கட்டப்பட்டவை. மற்றவை நாட்டிங்காமில் பெருமளவில் செய்யப்பட்டவை. 1970களின் எண் முறையில் வொர்க்சொப்புக்கு அவ்வூரின் முதல் ஆங்கில எழுத்தும் நாட்டிங்காமுக்கு அதன் முதல் எழுத்தும் தொடக்கத்தில் வரும். ஆகவே சிவப்பும் மஞ்சளும் எதையும் நிறுவுவதில்லை. எண் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுவிவிடுகிறது. வொர்க்சொப் சட்டகம் மட்டமானதல்ல. ஓட்டுவதற்கு அது மிக நல்ல சட்டகம், வாங்குவதற்கும் எளிது. அதை அணிச் சட்டகம் என்று சொல்லி விற்பதில்தான் தவறு இருக்கிறது.

குழலைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரெனால்ட்ஸ் 531 என்பது 1935இல் வந்த மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு. நடுவில் மெல்லியதாகவும், பற்றவைப்புச் சூடு படும் முனைகளில் தடிப்பாகவும் இழுக்கப்பட்ட குழல். 1970களின் நடுவில் வந்த 753 வெப்பப் பதம் ஏற்றப்பட்டது. அதனால் சுவரை இன்னும் மெலிதாக்க முடிந்தது. சூடு மிகுந்தால் பதம் போய்விடும் என்பதால் குறைந்த வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்றாசால் மட்டுமே அதை இணைக்க வேண்டியிருந்தது. இணைப்பு மாதிரியை அனுப்பி ரெனால்ட்ஸின் ஒப்புதல் பெற்ற கைவினைஞர்களுக்கு மட்டுமே அந்தக் குழல் விற்கப்பட்டது. கட்டி முடித்த பிறகு வளைத்து நேராக்கவும் அதில் இடமில்லை. ஆகவே 753 ஸ்டிக்கர் உள்ள சட்டகத்தில் லக் விளிம்பில் மஞ்சள் நிறப் பித்தளை வழிந்து தெரிந்தால் அந்த ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். பின் சக்கர இடைவெளியைப் பிற்காலச் சக்கரத்துக்காக யாரேனும் வலிந்து அகட்டியிருந்தால், 531இல் அது மன்னிக்கக்கூடியது. 753இல் அது விலையைக் குறைக்கக் கேட்பதற்கு நியாயமான காரணம்.

மிலான் பெயர்களின் ஈர்ப்பு வேறு வகையானது. கம்பியாகோ என்ற ஊரில் 1954இல் பட்டறை தொடங்கிய எர்னெஸ்டோ கொல்னாகோ கட்டிய சைக்கிளில்தான் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். விகொரெல்லி பந்தயத் திடலை ஒட்டிய பட்டறையில் ஃபாலியேரோ மாசி பல அணிகளின் வீரர்களுக்கு, அவரவர் உடலளவுக்கு ஏற்பச் சட்டகம் செய்தார்; தையற்காரர் என்றே அவருக்குப் பெயர். சினோ சினெல்லி 1943இன் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றவர். பின்னர் தொழில் தொடங்கி, சரிந்த தோள்களைப் போன்ற ஃபோர்க் தலை கொண்ட சூப்பர்கோர்சா சட்டகத்தைத் தந்தார். இந்தப் பெயர்களை உலகெங்கும் விரும்பித் தேடுகிறார்கள். விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் கிடைப்பது இவற்றுக்குத்தான் எளிது.

ஆனால் நிறுவுவது இங்கேதான் கடினம். 1970களின் கொல்னாகோவில் ஆண்டைச் சொல்லும் ஒழுங்கான எண் வரிசையை எதிர்பார்க்க முடியாது. வடிவ விவரங்களைக் கொண்டுதான் காலத்தைக் கணிக்க வேண்டும். 1970இல் மிக்கேலே டான்செல்லி மிலான்–சான் ரெமோவை வென்ற பிறகுதான் சீட்டுக்கட்டின் கிளாவர் இலை கொல்னாகோவின் சின்னமாயிற்று; ஆகவே லக்கில் அந்த இலை வெட்டப்பட்ட சட்டகத்தை 1960களைச் சேர்ந்தது என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. மாசியின் நிலை இன்னும் சிக்கலானது. அவர் தம் பெயரை அமெரிக்கர்களுக்கு விற்றார். 1973 முதல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரிலும் மாசி சட்டகங்கள் கட்டப்பட்டன. மிலானில் அவர் மகன் ஆல்பெர்ட்டோ தொழிலைத் தொடர்ந்தார். கார்ல்ஸ்பாட் வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை, தொடக்கத்தில் மாசியே அங்கே போய்ப் பணியைத் தொடங்கிவைத்தார். எனினும் மிலானில் கட்டியது என்று சொல்லி அதை விற்பதை ஏற்க முடியாது. மெர்க்ஸின் பெயர் பொறித்த சட்டகங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. பெல்ஜியத்தில் அவருடைய சொந்தத் தொழிற்சாலை 1980இல்தான் தொடங்கியது. அவர் ஓட்டிய மோல்தெனி அணியோ 1976உடன் முடிந்துவிட்டது. அந்த அணியின் ஆரஞ்சு நிறத்தைத் தாங்கிய 80களின் மெர்க்ஸ் சட்டகம் அழகாக இருக்கலாம், பந்தயத்துக்கும் தகுதியானதாக இருக்கலாம். அவர் டூர் வென்ற ஆண்டுகளின் பொருளாக அது ஆக முடியாது.

பூச்சு எதைச் சொன்னாலும் உலோகத்தை அளந்து பார்ப்பதே முதல் வேலை. பெடல் அச்சு செல்லும் கூட்டின் மரை நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியக் கூடு 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. விட்டம், இரு பக்கமும் வலமரை. ஆங்கிலக் கூடு 68 மி.மீ. அகலம், 1.37 அங்குல விட்டம், செயின் பக்கம் இடமரை. பிரெஞ்சுக் கூடு 68 மி.மீ. அகலம், 35 மி.மீ. விட்டம், இரு பக்கமும் வலமரை. ஆங்கிலக் கூட்டில் மரை தேய்ந்துபோனால் அதைப் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டிக்கொள்வது பழைய பழுது நீக்கும் முறை; அகலத்தையும் சேர்த்து அளந்தால்தான் 68 மி.மீ. கூட்டில் 36 மி.மீ. மரை இருக்கிறது என்றும், அது பிறப்பால் இத்தாலியச் சட்டகம் அல்ல என்றும் தெரியவரும். இருக்கையைத் தாங்கும் தண்டான சீட் பில்லரின் விட்டமும் பேசும்: மெல்லிய 531, இத்தாலியக் குழல் நிறுவனமான கொலம்பஸின் எஸ்எல் குழல்களில் அது பெரும்பாலும் 27.2 மி.மீ.; மேலான குழல் என்று ஸ்டிக்கர் சொல்லும்போது 26 மி.மீ. பில்லர்தான் உள்ளே போகிறதென்றால் சுவர் தடிப்பானது என்று பொருள். 1980களின் நடுவில் வந்த கொலம்பஸ் எஸ்எல்எக்ஸ் குழலுக்குள், பெடல் கூட்டை அடையும் முனையில், சுருளாக ஓடும் 5 உள்வரிகள் உண்டு. அச்சைக் கழற்றிவிட்டு விளக்கடித்துப் பார்த்தால் அவை தெரியும். தெரியாவிட்டால், எஸ்எல்எக்ஸ் என்ற ஸ்டிக்கர் எங்கிருந்தோ வந்தது.

காலத்தைக் கணிக்க உதவும் சிறு அடையாளங்களும் உள்ளன. பின் சக்கர இடைவெளி 5 பல்சக்கரங்களின் காலத்தில் 120 மி.மீ., 6, 7 ஆனபோது 126, 8 ஆனபோது 130. 1960களின் சட்டகங்களில் கேபிள் வழிகளும் தண்ணீர்ப் புட்டித் தாங்கியும் கவ்விகளால் பிடிக்கப்பட்டிருக்கும். குழலில் நேரடியாகப் பற்றவைத்த திருகு மேடைகள் பின்னர் வந்த பழக்கம். பிரேக்கைச் சாதாரண நட்டால் முடுக்கினால் அது பழையது. ஆலன் சாவியால் முடுக்கும் குழிந்த நட்டு 70களின் இறுதிக்குப் பிறகே பரவலாயிற்று. 1968 என்று சொல்லப்படும் சட்டகத்தில் இரண்டு புட்டிகளுக்கு மேடைகளும் குழிந்த நட்டுக்கான துளையும் இருந்தால், ஒன்று ஆண்டு தவறு, இல்லாவிட்டால் இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். முழுச் சைக்கிளாக வந்தால், இத்தாலியப் பாக நிறுவனமான காம்பன்யோலோவின் பாகங்களும் சாட்சி சொல்லும்: 1970களின் நுவோவோ ரெகார்ட் கியர் மாற்றியின் உடலில் 'பேட்டன்ட்' என்ற சொல்லை அடுத்து ஆண்டின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். 1972 சட்டகத்தில் 82 என்று பொறித்த பாகம் இருப்பது மோசடி அல்ல, ஓட்டியவர் தேய்ந்ததை மாற்றியிருக்கிறார். 'பாகங்கள் அனைத்தும் பிறந்தபடியே' என்ற விளம்பர வரிக்கு மட்டும் பணம் தர வேண்டியதில்லை.

பெஜோ பிஎக்ஸ்-10 பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்காது என்பதே அதன் சிறப்பு. ரெனால்ட்ஸ் 531 குழல், மாஃபாக் பிரேக், ஸ்ட்ராங்லைட் கிராங்க், சிம்ப்ளெக்ஸ் கியர் என்று நன்கு அறியப்பட்ட சேர்க்கையில் பெருமளவில் செய்யப்பட்டது. 28 மி.மீ. கீழ்க் குழல், 26 மி.மீ. மேல் குழல் (நம் ஊரில் பார் என்போமே, அது), 26.4 மி.மீ. சீட் பில்லர் என்ற பிரெஞ்சு அளவுகள் ஒரு காலிபரால் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடியவை. பெரிய விலை இல்லாததால் போலி செய்ய யாருக்கும் ஆசை எழுவதில்லை. தொல்லை வேறு பக்கத்தில் இருக்கிறது: பிரெஞ்சு மரைக்கு ஏற்ற அச்சுக் கிண்ணங்களும் கைப்பிடியைத் தாங்கும் 22 மி.மீ. ஸ்டெமும் தேடித்தான் கிடைக்கும். சிம்ப்ளெக்ஸின் டெல்ரின் பிளாஸ்டிக் பாகங்கள் வயதாகி வெடிக்கும். ஓட்டிப் பழக, பழைய எஃகு எப்படி நடந்துகொள்கிறது என்று உடலால் அறிய, இதைவிட நேர்மையான வழி இல்லை. நாளை பெரும் மதிப்பு ஏறும் என்று எண்ணி இதை வாங்குவது மட்டும் வீண்.

மூன்றிலும் விலையைத் தலைகீழாக்குவது பூச்சுதான். உரிந்தும் கீறியும் இருக்கும் பழைய பூச்சு, பளபளக்கும் புதிய பூச்சைவிட மதிப்புள்ளது என்பதைப் புதியவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள். நானும் முதலில் தயங்கியவன்தான். மணல் பீய்ச்சிச் சுரண்டும்போது பெயின்ட் மட்டும் போவதில்லை. கைவினைஞரின் அரத் தடமும், ஏதேனும் குழலை மாற்றியிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் பூச்சு வேறுபாடும், எண்ணின் கூர்மையும் போகின்றன. குரோம் முலாத்தை மீண்டும் ஏற்றுவது இன்னும் மோசம். அதற்கு முன் செய்யும் மெருகேற்றலில் லக்கின் கத்தி விளிம்புகள் உருண்டுவிடுகின்றன. பழைய எழுத்துகள் வார்னிஷ் வைத்து ஒட்டப்பட்ட மெல்லிய டிரான்ஸ்ஃபர்கள். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படும் தடித்த வினைல் ஸ்டிக்கர் பிற்காலத்தது. மறுபூச்சு கட்டாயமான நேரங்களும் உண்டு, துரு குழலைத் தின்னத் தொடங்கிவிட்டால் வேறு வழியில்லை. அப்படிப்பட்ட சட்டகத்தை வாங்குவதானால், பூச்சு நீக்கிய வெறும் உலோக நிலையில் எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். அக்கறையோடு சீரமைத்தவர் அவற்றை எடுத்து வைத்திருப்பார்.

உலோகத்தின் உடல்நலம் மதிப்புக்கும் முந்தியது, ஏனென்றால் அதன்மேல் ஒரு மனிதர் ஏறி மலையிறங்கப் போகிறார். முன் மோதல் பட்ட சட்டகத்தில், தலைக் குழலுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழலின் அடிப்புறத்தில் மெல்லிய மடிப்போ புடைப்போ விரல் நுனிக்குத் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். பின் முனைத் தகடு ஒன்றிலிருந்து நூலைக் கட்டித் தலைக் குழலைச் சுற்றி மறு தகட்டுக்குக் கொண்டுவந்து, சீட் குழலிலிருந்து இரு பக்க இடைவெளியையும் அளந்தால் சட்டகம் கோணியிருப்பது தெரியும். அலுமினியச் சீட் பில்லர் எஃகுக் குழலுக்குள் இறுகிப்போயிருந்தால் அதை எடுக்கும் முயற்சியில் சட்டகமே கெடலாம் என்பதால், விலை பேசும் முன் அதை அசைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஃபோர்க்கையும் கழற்றிப் பார்ப்பது நல்லது: பல ஆங்கிலப் பட்டறைகள் சட்டக எண்ணை ஃபோர்க்கின் தண்டிலும் பொறித்தன, இரண்டும் பொருந்தினால் சட்டகமும் ஃபோர்க்கும் பிரியாமல் இத்தனை காலம் வந்திருக்கின்றன.

ஓட்டுவோர்க்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. இத்தாலியின் தஸ்கனியில் கையோலே இன் கியாந்தி என்ற ஊரிலிருந்து 1997 முதல் நடக்கும் லெரோய்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தில், 1987க்கு முற்பட்ட, கியர் நெம்புகோல் கீழ்க் குழலில் அமைந்த, பிரேக் கேபிள் கைப்பிடிக்கு வெளியே வளைந்து செல்லும் பந்தயச் சைக்கிள்களே எதிர்பார்க்கப்படுகின்றன. அந்த எல்லைக்கு முந்திய சட்டகங்களைத் தேடுவோர் இருந்துகொண்டே இருப்பதற்கு இந்த ஓட்டமும் அதன் வழியில் பிற நாடுகளில் எழுந்தவையும் ஒரு காரணம். இந்த அளவுகோலில் நம் மூன்று வகைகளும் சமமே.

இவற்றை எல்லாம் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். மிலான் சட்டகம் ஒன்று அசல் பூச்சோடு, முதல் உரிமையாளரின் ரசீதோ பழைய படங்களோ சேர்ந்து கிடைத்தால், பணம் போதுமென்றால், அதை விடக்கூடாது. ஆனால் அந்த நிலையில் அது கிடைப்பது அரிது. அதே பணத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது மறுபூச்சு அடித்த, எண் இல்லாத, பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டிய ஒன்று. அதற்கும் கீறல் விழுந்த பூச்சோடு 'எஸ்பி' எண் தெளிவாகத் தெரியும் இல்கெஸ்டன் சட்டகத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் இல்கெஸ்டனை எடுப்பேன். 753தான் வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், அந்தப் பட்டறை 531இலும் கட்டியது. அதற்கும் பணம் எட்டாதவர் வொர்க்சொப் ராலியையோ பிஎக்ஸ்-10ஐயோ உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒருவரிடம் வாங்கி, மீதிப் பணத்தை நல்ல சக்கரங்களுக்கும் டயர்களுக்கும் செலவிடலாம்.

ஒரே ஒரு விலக்கு, அளவு. இத்தாலியர் சீட் குழலைப் பெரும்பாலும் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தார்கள். ஆங்கிலேயர் மையத்திலிருந்து மேல் முனை வரை அளந்தார்கள். ஆகவே 56 செ.மீ. என்று இரண்டு பேர் சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் காலுக்குப் பொருந்தாத இல்கெஸ்டனைச் சுவரில் மாட்டுவதைவிடப் பொருந்தும் பெஜோவை வாங்கி விடியற்காலையில் சாலைக்கு எடுத்துப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.